மல்டிட்ராக் ரெக்கார்டர்: ட்ராக்கை எண்ணாதீர்கள், இன்புட்டை எண்ணுங்கள்

பல ஒலித் தடங்களைத் தனித்தனியாகப் பதிந்து சேர்க்கும் மல்டிட்ராக் ரெக்கார்டரின் பெட்டி மேல் ‘8 ட்ராக்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, எட்டு மைக்கை ஒரேயடியாகச் செருகிப் பதியலாம் என்று நம்பி வாங்கி ஏமாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எட்டு தடங்களைத் தனித்தனியாக அடுக்கி, சேர்த்துக் கேட்கலாம் என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். ஒரே நேரத்தில் எத்தனை உள்ளே போகும் என்பது வேறு கணக்கு. டாஸ்கேம் டிபி-008இஎக்ஸ் எட்டு ட்ராக் மெஷின்தான், ஆனால் ஒரு தடவைக்கு இரண்டுதான் பதியும். ஜூம் ஆர்8, ஆர்12 இரண்டும் அப்படியே. ஜூம் ஆர்16, ஆர்24, ஆர்20, டாஸ்கேம் டிபி-24எஸ்டி ஆகியவை எட்டு வாங்கும். டாஸ்கேம் மாடல் 12 பத்து இன்புட்டையும் மெயின் ஸ்டீரியோவையும் சேர்த்து 12 தடங்களாகப் பதியும்.

ஆகவே மாடல் பெயரைத் தேடும் முன் முடிவு செய்ய வேண்டியது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வாசிக்கப் போகிறார்கள் என்பதைத்தான். அடுத்தது, கரண்ட் போனாலும் ஓடுமா. மதுரை வீடுகளைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதிப் பட்டியல் தானாகவே அடிபட்டுப் போகும். எஃபெக்ட் எத்தனை, ரிதம் பேட்டர்ன் எத்தனை என்பதெல்லாம் வாங்கிய முதல் வாரத்துக்கு மட்டும் சுவாரஸ்யம்.

தனியாளாகப் பாட்டுக் கட்டுகிறவருக்கு

ஆர்மோனியம் ஒரு தடம், தபலா ஒரு தடம், பிறகு குரல், அதற்கு மேல் கோரஸ் என்று ஒருவரே ஒவ்வொன்றாக ஏற்றினால் இரண்டு இன்புட் தாராளம். இந்த வகையில் இன்றைக்குப் புதிதாக வாங்க எடுப்பானது ஜூம் ஆர்4. நான்கு தடங்கள், எக்ஸ்எல்ஆர் (மைக்கின் மூன்று முள் பிளக்), கிட்டார் பிளக் இரண்டையும் ஏற்கும் காம்போ சாக்கெட் இரண்டு, கண்டென்சர் வகை மைக்குக்கு மெஷினே கேபிள் வழியாகக் கொடுக்கும் 48 வோல்ட் மின்சாரமான ஃபேண்டம், 32-பிட் ஃப்ளோட் பதிவு.

அந்த 32-பிட் ஃப்ளோட் வெறும் விளம்பர வார்த்தை இல்லை. பறையை எடுத்துக்கொள்ளுங்கள். சிம்புக்குச்சி தோலில் படும் அந்த நொடியில் வரும் உச்சம், அடுத்து வரும் சத்தத்தைவிட எத்தனையோ மடங்கு பெரியது. மீட்டர் முள்ளோ பட்டையோ அதை முழுதாகக் காட்டாது. சாதாரண 24-பிட் மெஷினில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கும்படி கெயினை, அதாவது மைக் சத்தத்தைப் பெருக்கும் அளவை, குறைத்து வைத்துவிட்டுத்தான் அடிக்கச் சொல்ல வேண்டும். அப்படியும் கலைஞர் சூடேறி வாசிக்கும்போது சிவப்பு விளக்கு எரியும். அங்கே நறுக்கென்று வெட்டுப்பட்ட அலையைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. 32-பிட் ஃப்ளோட்டில் கெயின் வைக்கும் வேலையே கிடையாது. அதிகமாகப் பதிந்திருந்தால் பின்னால் குறைத்துக்கொள்ளலாம், உச்சம் அப்படியே இருக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மைக்கே திணறிவிட்டால் இந்த வித்தை பலிக்காது. மலிவான கண்டென்சர் மைக்கைப் பறைக்கு ஒரு சாண் தள்ளி வைத்தால், ரெக்கார்டருக்கு வந்து சேரும்போதே சத்தம் உடைந்துதான் வரும். ஃபேண்டம் தேவைப்படாத, ஷ்யூர் எஸ்எம்57 மாதிரியான டைனமிக் மைக் இதற்குப் பத்திரம்.

நான்கு தடம் போதுமா என்றால், திட்டம் போட்டு வேலை செய்தால் போதும். மூன்று தடங்களை நிரப்பி, சேர்த்து ஒன்றாக்கும் பவுன்ஸ் வசதி ஆர்4இல் உண்டு. முதல் தடத்தில் சுருதியும் தாளமும், இரண்டில் ஆர்மோனியம், மூன்றில் தபலா. இவற்றைப் பவுன்ஸ் செய்த பிறகு குரலுக்கும் கோரஸுக்கும் இடம் திறந்துவிடும். பவுன்ஸுக்கு முன்பே இடம் வலம் பிரித்துவிட வேண்டும், சேர்ந்த பிறகு பிரிக்க முடியாது. தபலாவை அந்த நேரத்தில் காதுக்கு நன்றாக இருப்பதைவிடக் கொஞ்சம் தூக்கியே வையுங்கள். குரல் மேலே ஏறியதும் தோல் வாத்தியம்தான் முதலில் அமுங்கும். ரிவெர்ப் என்ற எதிரொலி எஃபெக்டைப் பவுன்ஸில் சேர்க்கவே வேண்டாம்.

பாட்டுக்கு ஐந்தாறு தடம் தேவைப்படும் என்று இப்போதே தெரிந்தால் ஆர்12க்குப் போய்விடலாம். எட்டு தடம், தொடுதிரை. விரல் வியர்த்திருந்தால் அந்தச் சின்னத் திரை படுத்தும் பாடு தனி.

டாஸ்கேம் டிபி-008இஎக்ஸை விரும்புகிறவர்கள் அதன் குமிழ்களுக்காக விரும்புகிறார்கள். ஒவ்வொரு தடத்துக்கும் லெவலுக்கு ஒன்று, பேனுக்கு (இடம் வலம் பிரிக்க) ஒன்று என்று கையிலேயே இருக்கும். மெனுவுக்குள் புகுந்து தேட வேண்டாம். நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும், ஃபேண்டம் உண்டு. குறைகள் இரண்டு. 16-பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மட்டும்தான், ஆகவே கெயின் விஷயத்தில் கவனம் கூடுதலாக வேண்டும். இரண்டாவது குறை வாங்கிய பிறகே தெரியவரும்: இந்த டிபி வரிசை மெஷின்கள் மெமரி கார்டை இரண்டாகப் பிரித்து, தடங்களைத் தமக்கே உரிய பகுதியில் வைத்துக்கொள்கின்றன. கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டால் பாட்டு கண்ணில் படாது. மெஷினிலேயே ஒவ்வொரு தடத்தையும் வேவ் ஃபைலாக ஏற்றுமதி செய்து, பிறகு யூஎஸ்பி வழியாக எடுக்க வேண்டும். டிபி-24எஸ்டிக்கும் இதே கதைதான். ஜூம் ஆர் வரிசையில் ஒவ்வொரு புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளும் வேவ் ஃபைல்கள் நேராகவே கிடக்கும். எடுத்துத் தெரிந்த ஸ்டுடியோவுக்கு அனுப்பிவிடலாம். மிக்ஸிங்கை வெளியே கொடுக்கும் எண்ணம் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே ஜூம் பக்கம் சாயலாம்.

கையடக்க ரெக்கார்டர்களான ஜூம் எச்4என் ப்ரோ, டாஸ்கேம் டிஆர்-40எக்ஸ் இரண்டிலும் நான்கு தடம் பதியலாம், ஏற்கெனவே பதிந்ததன் மேல் பாடிச் சேர்க்கவும் முடியும். கச்சேரியைப் பதிவது முதல் வேலை, வீட்டில் பாட்டுக் கட்டுவது எப்போதாவது என்றால் இவை சரி. தினமும் தடம் ஏற்றுகிறவருக்கு ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகுமிழ்) இல்லாத மெஷின் எரிச்சலையே தரும்.

குழுவாக வாசிக்கிறவர்களுக்கு

வாடிப்பட்டிப் பக்கத்து நையாண்டி மேளத்தை உதாரணமாக வைத்துக் கணக்குப் போடலாம். நாயனம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை ஒன்று, தமுக்கு ஒன்று. ஆளுக்கு ஒரு மைக் என்றால் ஆறு, மொத்தச் சத்தத்தையும் பிடிக்கத் தள்ளி வைத்த ஜோடி மைக் இரண்டு. சரியாக எட்டு. இவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துத் தடம் தடமாக வாசிக்கச் சொன்னால் ஆட்டமே போய்விடும்; ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கிற இசை அது. ஆகவே எட்டு இன்புட் மெஷின்தான் வழி.

ஜூம் ஆர்16 இந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி அமைகிறது. 2009இல் வந்த மெஷின், இப்போது பெரும்பாலும் பழையதாகத்தான் கிடைக்கும். எட்டு காம்போ சாக்கெட்டில் ஃபேண்டம் வருவது 5, 6 இரண்டில் மட்டுமே. தள்ளி வைக்கும் ஜோடிக் கண்டென்சர் மைக்குகளை அந்த இரண்டிலும், மேளத்துக்கான டைனமிக் மைக்குகளை மற்ற ஆறிலும் செருகிவிட்டால் கணக்கு முடிந்தது. மெஷினின் தலையில் இருக்கும் உள் மைக் இரண்டும் 7, 8 இன்புட்டுகளைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அவற்றை ஆன் செய்தால் வெளி மைக்குகளில் இரண்டு குறையும். ஆறு கண்டென்சர் வைத்திருக்கும் சர்ச் கொயருக்கு ஆர்16 ஒத்துவராது. மாடல் 12 பார்க்க வேண்டும். அதில் ஒரே ஃபேண்டம் சுவிட்ச் எல்லா மைக்குக்கும் சேர்த்துத்தான் வேலை செய்யும். நல்ல எக்ஸ்எல்ஆர் கேபிளில் வரும் டைனமிக் மைக்குக்கு அதனால் கெடுதல் இல்லை. ஃபேண்டத்தால் கெடக்கூடிய ரிப்பன் மைக் இருந்தால் அதைக் கழற்றிவைத்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள்.

மைக் வைக்கும் இடம் மெஷினைவிட முக்கியம். நாயனத்தின் அகன்ற அடிவாயான அணைசுக்கு நேரே மைக்கை நீட்டினால் காது கிழியும் சத்தமும் காற்றும்தான் பதியும். மூன்று நான்கு அடி தள்ளி, அணைசுக்கு நேராக இல்லாமல் சற்று மேலே, வாசிப்பவரின் விரல் துளைகளைப் பார்த்தபடி வையுங்கள். சீவாளியின் கமகமும் சேர்ந்து வரும். தவிலுக்கு ஒரு மைக் மட்டும் என்றால் கூர்மையாக ஒலிக்கும் வலந்தலைப் பக்கமாகச் சாய்த்து, கனத்து ஒலிக்கும் மறுபக்கமான தொப்பியின் கும்காரம் விழுகிற அளவுக்கு இரண்டடி தள்ளி வைக்கலாம். பக்கத்துப் பக்கத்து மைக்குகளின் இடைவெளி, வாத்தியத்துக்கும் அதன் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே தவில் சத்தம் இரண்டு மைக்கிலும் சற்று முன்பின்னாக வந்து, கலக்கும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். ‘தவில்ல அடியே இல்லை’ என்று பிறகு மிக்ஸிங்கில் புலம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

கார்டுக் கணக்கு: 24-பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ தடம் நிமிடத்துக்குச் சுமார் 8 எம்பி. எட்டு தடமும் ஓடினால் மணிக்கு 3.8 ஜிபி. ஆர்16 ஏற்கும் அதிகபட்சமான 32 ஜிபி கார்டில் எட்டு மணி நேரம் அடங்கும். 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு மெஷினைத் திட்டாதீர்கள். அந்தக் காலத்து மெஷினுக்கு 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி வகைக் கார்டு வரைதான் தெரியும். புதுக் கார்டை லேப்டாப்பில் இல்லாமல் மெஷினிலேயே ஃபார்மேட் செய்ய வேண்டும்.

கரண்ட் விஷயம்

மாதாந்திரப் பராமரிப்பு என்று ஏரியாவுக்கு ஒரு நாள் காலையிலிருந்து மின்சாரம் நிற்கும் ஊரில், அடாப்டரை மட்டும் நம்பும் மெஷினுக்கு இருக்கும் ஆபத்து வேலை நிற்பது மட்டுமில்லை. பதிவு ஓடும்போது கரண்ட் போனால் ஃபைல் முடிக்கப்படாமல் நின்றுவிடும். ஸ்டாப் அழுத்தும்போதுதான் மெஷின் ஃபைலின் நீளத்தை எழுதி மூடுகிறது. மூடாத ஃபைலை மீட்பது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஆர்20, டிபி-24எஸ்டி, மாடல் 12 மூன்றும் அடாப்டர் கோஷ்டி. ஆர்16க்கு ஆறு ஏஏ, ஆர்8க்கு நான்கு. ஜூம் லைவ்ட்ராக் எல்-8 என்ற சின்ன மிக்ஸர் ஆறு மைக் வாங்கும், நான்கு ஏஏ பேட்டரியிலும் ஓடும். நையாண்டி மேளத்தை ஊர் மந்தையிலேயே பதிய நினைப்பவர்கள் அதையும் பார்க்கலாம்.

தயாரிப்பாளர் சொல்லும் பேட்டரி நேரம் ஃபேண்டம் அணைத்திருக்கும்போது உள்ள கணக்கு. ஃபேண்டம் போட்டால் வேகமாக இறங்கும். சார்ஜ் ஏற்றும் நிக்கல் பேட்டரிதான் கட்டுப்படியாகும். ஆனால் அது 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5 வோல்ட். மெனுவில் பேட்டரி வகையை மாற்றிவைக்காவிட்டால் சார்ஜ் இருக்கும்போதே ‘லோ பேட்டரி’ என்று மிரட்டும். வாங்கிய அன்றே ஒரு சோதனை: பேட்டரி போட்டு, அடாப்டரும் செருகி, வேண்டாத ஒன்றைப் பதியவிட்டு, அடாப்டரைப் பிடுங்குங்கள். பதிவு தொடர்ந்தால் நிம்மதி. நின்றால், முக்கியமான பதிவுகளைப் பேட்டரியில் மட்டும் செய்யுங்கள்.

இன்வெர்ட்டர் வீட்டில் இருந்தால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஓடும்போது அடாப்டர் வழியாக ‘ங்ஙீ’ என்ற ரீங்காரம் பதிவில் ஏறிக்கொள்ளும். குரலுக்குக் கெயினைக் கூட்டினால் தெளிவாகவே கேட்கும். பவர் பேங்க் போட்டால் இந்த இரைச்சல் குறையும். சில பவர் பேங்குகள் மெஷின் இழுக்கும் குறைந்த கரண்டைப் பார்த்து, ஏதும் மாட்டவில்லை என்று நினைத்து அணைந்துவிடும், அதையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க வேண்டும். கிட்டார் பெடல் அடாப்டரை ஆர்16இல் செருகிப் பார்க்கும் விபரீதம் வேண்டாம். பெடலுக்கு 9 வோல்ட், நடுமுனை மைனஸ். ஆர்16க்கு 5 வோல்ட்.

அறை, சுருதி, தாளம்

மொட்டைமாடி அறையில் மே மாதம் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடுவது தண்டனைதான், இருந்தும் நிறுத்தியே ஆக வேண்டும். சீலிங் ஃபேனின் காற்று மைக்கில் அடிப்பதால் வரும் உறுமலைக் கீழ்ச்சுருதி வெட்டும் ஃபில்டர் ஓரளவுக்குக் குறைக்கும். இறக்கைகள் காற்றை வெட்டும் ‘விஷ் விஷ்’ சத்தம் அதற்கு மசியாது. குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம். தபலாவின் டக்காவுக்கும் தவிலின் தொப்பிக்கும் அந்த ஃபில்டரைத் தொடாதீர்கள்.

எதிரொலிக்கு முட்டை அட்டையை ஒட்டிப் பயனில்லை. தேனி, போடிப் பக்கத்திலிருந்து வரும் இலவம் பஞ்சு மெத்தையைப் பாடுகிறவருக்குப் பின்னால் சுவரில் நிறுத்துங்கள். மைக் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான், முன்னால் இருக்கும் சுவரை இல்லை. ஆடி மாதம் தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டால் எந்த மெத்தையும் தாங்காது, அன்றைக்கு எடிட்டிங் வேலையைப் பார்க்கலாம்.

சுருதியை முதல் தடத்தில் போட்டுவிட்டு அதன் மேலேயே எல்லாரும் பாட வேண்டும். கவனம், ஆர்மோனியம் ஒன்று இருந்தால் சுருதிப் பெட்டியை அதற்கு ஒத்துப் பிடியுங்கள், செல்போன் செயலிக்கு ஆர்மோனியத்தை இழுக்க முடியாது. ஐந்து கட்டை என்று செயலியில் போட்டால் அது கச்சிதமான ஜி; பழைய ஆர்மோனியத்தின் ஐந்து கட்டை அதிலிருந்து விலகியே நிற்கும். ஹெட்போன் காதை முழுதாக மூடுகிற வகையாக இருக்கட்டும். திறந்த வகையிலிருந்து கசியும் சுருதியும் கிளிக் சத்தமும் குரல் தடத்தில் பதிந்துவிட்டால், பிறகு கிளிக்கை அணைத்தாலும் அது குரலுக்குப் பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

மெட்ரோனோம் ஆதி தாளத்துக்கு 4/4இல் சரியாகிவிடும். மிஸ்ர சாப்பு ஏழு, கண்ட சாப்பு ஐந்து. மெஷினில் அந்தக் கணக்கு இல்லையென்றால் முதலடி அழுத்தம் இல்லாமல் ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி ஒலிக்க வைத்து, அதைக் கேட்டபடி கஞ்சிராவிலோ ஜால்ராவிலோ ஒரு தாளத் தடம் பதிந்துகொள்வது மேல். ரிதம் பேட்டர்ன்கள் பெரும்பாலும் டிரம்ஸ் செட்டை மனதில் வைத்துச் செய்தவை. தெம்மாங்குக்குப் பின்னால் அவை ஒட்டாது.

லேப்டாப்பும் இரண்டு இன்புட் ஆடியோ இன்டர்ஃபேஸும் இதைவிட மலிவாக முடியாதா என்றால், நல்ல லேப்டாப் ஏற்கெனவே இருந்தால் முடியும். லேப்டாப் ஃபேன் சத்தமும், மூன்று முள் எர்த் சரியில்லாத பிளக்கில் சார்ஜர் போட்டால் வரும் 50 ஹெர்ட்ஸ் ஹம்மும் கூடவே வரும். ஆர் வரிசை ஜூம்களை அதே லேப்டாப்புக்கு இன்டர்ஃபேஸாகவும் மாட்டலாம்.

எங்கே வாங்குவது

பேட்டரி, எக்ஸ்எல்ஆர் கேபிள், கார்டு எல்லாம் டவுன்ஹால் ரோடு பக்கத்திலேயே கிடைத்துவிடும். ரெக்கார்டரைக் கடையில் தொட்டுப் பார்த்து வாங்குவது கடினம். சென்னையிலிருந்தோ ஆன்லைனிலோ வரவழைப்பதுதான் வழக்கம். இந்திய வாரண்டியுள்ள பில்லா, பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பழைய ஆர்16 வாங்கினால் கையோடு ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிள், மல்டிமீட்டர், ஆறு ஏஏ பேட்டரி கொண்டு போங்கள். பேட்டரிக் குழியில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருந்தால் உள்ளே கசிந்திருக்கிறது. எட்டு ஃபேடரையும் ஏதாவது பாட்டு ஓடும்போது மேலும் கீழும் நகர்த்துங்கள். ‘கரகர’ சத்தம் கொஞ்சம் என்றால் கான்டாக்ட் கிளீனரில் சரியாகும், சத்தம் விட்டுவிட்டு வந்தால் ஃபேடர் தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஒரே மைக்கைச் செருகி ஒரே வரியைச் சொல்லிப் பதிந்து, எட்டும் ஒரே அளவில் வருகிறதா பாருங்கள். பிறகு 5, 6 இன்புட்டில் ஃபேண்டத்தைப் போட்டு, கேபிளின் மறுமுனையில் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து 1ஆம் முள்ளுக்கும் 2ஆம் முள்ளுக்கும் இடையே, அப்புறம் 1க்கும் 3க்கும் இடையே அளக்க வேண்டும். இரண்டும் 44க்கும் 52க்கும் இடையில் வர வேண்டும். ஒன்று சரியாக வந்து மற்றது வராவிட்டால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், அதன் பிறகும் அப்படியே என்றால் மெஷினில் கோளாறு. டைனமிக் மைக் மட்டுமே வைத்திருப்பவர் அப்போதும் விலையைப் பேசிக் குறைத்து எடுத்துக்கொள்ளலாம். கண்டென்சர் வைத்திருப்பவர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம்.